எலக்ட்ரான் கற்றை தங்கத் துகளைத் தள்ளுகிறதா, இழுக்கிறதா?

கறுப்பு வெள்ளையில் ஓடும் நுண்ணோக்கிக் காணொளிகளை நீங்களும் பார்த்திருக்கலாம். சாம்பல் நிறப் பின்னணியில் ஒரு வெளிச்ச வட்டம். அதற்குள் கறுப்புப் புள்ளிகள் சில நடுங்கிக்கொண்டிருக்கும். வட்டம் மெல்ல வலப்பக்கம் நகரும். புள்ளிகளும் அதன் பின்னாலேயே போகும். அந்தப் புள்ளிகள் தங்கத் துகள்கள். மிதப்பது ஒரு திரவத்தில். வட்டம் என்பது மின்னணு நுண்ணோக்கியின் எலக்ட்ரான் கற்றை, அதாவது ஒரே திசையில் பாயும் எலக்ட்ரான்களின் ஓட்டம்.

இதற்குக் கீழே எழுதப்படும் விளக்கம் பெரும்பாலும் ஒரே வரிதான்: “எலக்ட்ரான்கள் மோதித் துகளைத் தள்ளுகின்றன.” படிப்பவர் மனதில் கேரம் பலகை வந்துவிடும். எலக்ட்ரான்தான் ஸ்டிரைக்கர், தங்கத் துகள்தான் காய். கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் காணொளியை இன்னொரு முறை பாருங்கள். ஸ்டிரைக்கர் அடித்த காய் விலகி ஓடும். இங்கே துகள் கற்றையை விட்டு ஓடவில்லை, கற்றை போகும் இடத்துக்குக் கூடவே வருகிறது. தள்ளுவதுதான் நடக்கிறது என்றால் இது எப்படி?

இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் விஷயம் முழுவதும் விளங்கிவிடும்.

துகள் எவ்வளவு சிறியது?

ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக வெட்டினால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். ஒன்றிலிருந்து நூறு நானோமீட்டர் வரை அளவுள்ள துகளை நானோ துகள் என்கிறோம். இந்தக் கட்டுரை முழுவதும் 10 நானோமீட்டர் விட்டமுள்ள ஒரு தங்கத் துகளையே வைத்துக்கொள்வோம். தலைமுடி ஒன்றின் குறுக்கே இப்படிப்பட்ட துகள்களை வரிசையாக அடுக்கினால் எட்டாயிரம் அளவுக்கு நிற்கும். ஒரு துகளுக்குள் இருப்பது சுமார் 31,000 தங்க அணுக்கள்.

இந்த ஆய்வுகளில் தங்கம் அடிக்கடி வருவதற்கு அதன் விலை காரணமில்லை. தங்க அணு கனமானது, அதன் கருவில் 79 புரோட்டான்கள். அதனால் எலக்ட்ரான்களை நன்றாகச் சிதறடித்து, படத்தில் அடர்ந்த கறுப்பாகத் தெரியும். தண்ணீருக்குள்கூட அடையாளம் காண எளிது. எளிதில் துருப்பிடிக்காது என்பது இன்னொரு வசதி.

திரவத்துக்குள் எதுவும் சும்மா இருக்காது

ஒரு சொட்டுப் பாலில் தண்ணீர் கலந்து பள்ளிக்கூட நுண்ணோக்கியில் பாருங்கள். கொழுப்புத் துளிகள் நின்ற இடத்தில் நிற்காமல் துடித்துக்கொண்டே இருக்கும். யாரும் கலக்கவில்லை, ஆட்டவில்லை. தண்ணீர் மூலக்கூறுகள் நாலா பக்கமும் ஓயாமல் வந்து மோதுவதால் வரும் துடிப்பு அது. 1827இல் ராபர்ட் பிரௌன் மகரந்தத்திலிருந்து வெளிவந்த நுண்துகள்களில் இதைக் கவனித்தார். அவர் பெயரால் இது பிரௌனியன் இயக்கம் எனப்படுகிறது. 1905இல் ஐன்ஸ்டைன் இதற்குக் கணக்கு எழுதினார். (ஜன்னல் வெயிலில் தூசி ஆடுவதையும் பலர் இதற்கு உதாரணமாகச் சொல்வார்கள். அது பெரும்பாலும் காற்றின் ஓட்டம். பால்தான் சரியான உதாரணம்.)

ஐன்ஸ்டைனின் கணக்கை நம் தங்கத் துகளுக்குப் போட்டுப் பார்த்தால், விரிந்த தண்ணீரில் அது ஒரு நொடியில் ஏறக்குறைய 10 மைக்ரோமீட்டர் தூரம் அலைந்துவிடும் (ஆயிரம் நானோமீட்டர் சேர்ந்தால் ஒரு மைக்ரோமீட்டர்). தன் உடலைப் போல ஆயிரம் மடங்கு தூரம். ஒரு கால்பந்து அதே விகிதத்தில் அலைந்தால் ஒரு நொடியில் மைதானத்தையே தாண்டிப் போயிருக்கும்.

எடை இங்கே ஒரு பொருட்டே இல்லை. நம் துகளின் எடையைப் போல ஒரு கோடி மடங்கு விசை கொடுத்தால்தான் அது ஒரு பிக்கோநியூட்டனைத் தொடும். பிக்கோநியூட்டன் என்பது நியூட்டனில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. ஆக, துகளைப் பிடித்து வைப்பது என்றால் புவியீர்ப்போடு மல்லுக்கட்டுவது என்று பொருளில்லை. இந்த ஓயாத துடிப்பை அடக்கும் அளவுக்கு ஒரு விசை வேண்டும், அவ்வளவுதான். அதற்கு ஒரு பிக்கோநியூட்டன் அளவே போதும். இந்த எண்ணை நினைவில் வையுங்கள், திரும்ப வருவோம்.

ஒளியால் பிடிக்கும் வித்தை

சிறு பொருளைத் தொடாமல் பிடிக்க முதலில் வழி காட்டியது ஒளி. 1986இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஆர்தர் ஆஷ்கினும் உடன் பணியாற்றியவர்களும் குவிக்கப்பட்ட ஒற்றை லேசர் கற்றையால் நுண்துகளைப் பிடித்து நிறுத்தினார்கள். ஒளி இடுக்கி என்று அதற்குப் பெயர். 2018இல் இயற்பியலுக்கான நோபல் பரிசில் பாதி ஆஷ்கினுக்குப் போனது. அப்போது அவருக்கு வயது 96.

ஒளி இடுக்கியில் இரண்டு விசைகள் வேலை செய்கின்றன. ஒன்று, ஒளி போகும் திசையிலேயே துகளைத் தள்ளுவது. இன்னொன்று, ஒளி அதிகம் குவிந்திருக்கும் இடத்தை நோக்கித் துகளை இழுப்பது. பிடிப்பது இரண்டாவதுதான். நாலு பேர் ஒரு போர்வையை மூலைக்கு மூலை இழுத்துப் பிடித்திருக்கிறார்கள். நடுவில் ஒருவர் விரலால் அழுத்துகிறார். போர்வைமேல் கிடந்த கோலிக்குண்டு அந்தக் குழிக்கு உருண்டு வருகிறது. குண்டை யாரும் தொடவில்லை, அதைச் சுற்றியிருந்த தளம்தான் சரிந்தது. இந்தச் சரிவைத்தான் நாம் கடைசி வரை பேசப் போகிறோம். ஓரிடத்தில் அதிகமாகவும் பக்கத்தில் குறைவாகவும் இருக்கும் ஓர் அளவு, தூரத்தோடு எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதே சரிவு.

அப்படியானால் 10 நானோமீட்டர் துகளையும் ஒளியாலேயே பிடித்துவிடலாமே? அங்கேதான் சிக்கல். பச்சை ஒளியின் அலைநீளம் 500 நானோமீட்டரைச் சுற்றி இருக்கிறது. அதில் ஏறக்குறைய பாதிக்கும் குறைவான இடத்தில் சாதாரண ஒளியைக் குவிக்க முடியாது. மேலும், இழுக்கும் விசை துகளின் கன அளவைப் பொறுத்தது. விட்டம் பாதியானால் விசை எட்டில் ஒரு பங்காகிவிடும். துகள் சிறுக்கச் சிறுக்க ஒளியின் பிடி நழுவுகிறது. லேசரின் சக்தியைக் கூட்டினால் உலோகத் துகள் சூடேறிவிடும்.

எலக்ட்ரானுக்கு இந்த அலைநீளத் தொல்லை இல்லை. 2 லட்சம் வோல்ட்டில் முடுக்கிய எலக்ட்ரானின் அலைநீளம் 0.0025 நானோமீட்டர், அணுவைவிடச் சிறியது. 1931இல் பெர்லினில் எர்ன்ஸ்ட் ருஸ்காவும் மாக்ஸ் க்னோலும் மின்னணு நுண்ணோக்கியை உருவாக்கத் தொடங்கியதிலிருந்து, இந்தச் சின்ன அலைநீளம்தான் அதன் பலம். பார்க்கப் பயன்படும் அந்தக் கற்றையையே பிடிக்கவும் பயன்படுத்தினால் என்ன என்ற எண்ணம் இயல்பாகவே எழுந்தது.

இதுவரை: துகள் மிகச் சிறியது, ஓயாமல் துடிப்பது. அதை நிறுத்த ஒரு பிக்கோநியூட்டன் அளவு விசை வேண்டும். அவ்வளவு சிறிய துகளை ஒளியால் பிடிப்பது கடினம்.

வெற்றிடத்துக்குள் தண்ணீர்

மின்னணு நுண்ணோக்கியின் உட்பகுதி வெற்றிடமாக இருக்க வேண்டும். காற்று இருந்தால் எலக்ட்ரான்கள் அதில் மோதிச் சிதறிப் போகும். வெற்றிடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீரை வைத்தால் அது கொதித்து ஆவியாகிவிடும். பல பத்தாண்டுகள் உயிரியல் மாதிரிகளை உலர்த்தியும் உறைய வைத்தும் பார்த்ததற்கு இதுவே காரணம்.

இதற்கு வழி திரவக் கலம். இரண்டு சிலிக்கான் சில்லுகள். ஒவ்வொன்றின் நடுவிலும் சிலிக்கான் நைட்ரைடு என்ற உறுதியான பொருளாலான சவ்வு, சில பத்து நானோமீட்டர் தடிமனில். இரண்டையும் எதிரெதிரே வைத்து, நடுவில் திரவத்தை அடைத்து, ஓரங்களை மூடிவிடுவார்கள். திரவத்தின் தடிமன் பெரும்பாலும் ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவு. எலக்ட்ரான்கள் மேல் சவ்வு, திரவம், கீழ்ச் சவ்வு என்று மூன்றையும் கடந்து வெளியேறும். 2003இல் ஐபிஎம் ஆய்வகத்தில் பிரான்சஸ் ராஸ் இடம்பெற்ற குழு, இப்படிப்பட்ட கலத்துக்குள் தாமிரம் மின்முனையில் படிவதை நேரலையாகப் படம்பிடித்தது. 2009இல் பெர்க்லியில் ஹைமெய் ஜெங் முதலானோர், பிளாட்டினம் நானோ துகள்கள் கரைசலில் பிறந்து வளர்வதைக் காட்டினார்கள்.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். இந்தக் கலத்தில் துகள் எங்கே இருந்தாலும் பக்கத்தில் ஒரு சுவர் இருக்கிறது. கண்ணாடி மேசையில் ஈரமான டம்ளரை வைத்தால் அது ஒட்டிக்கொண்டு எளிதில் எழும்பாது, தெரியுமல்லவா? சின்ன அளவில் சுவரின் பிடி அதைவிடப் பெரிது. கலத்துக்குள் எடுத்த காணொளிகளில் துகள்கள், ஐன்ஸ்டைன் கணக்கு சொல்வதைவிடப் பல மடங்கு மெதுவாகத்தான் நகர்கின்றன. அவை சவ்வோடு பாதி ஒட்டியும் ஒட்டாமலும் கிடப்பதே காரணம் என்று கருதப்படுகிறது. ஆக, நாம் காணொளியில் பார்ப்பது ஆற்றில் நீந்தும் மீனை அல்ல, பாசி படிந்த சுவரில் ஊரும் நத்தையைத்தான்.

திரவம் என்றால் தண்ணீர்தான் என்றும் இல்லை. 2011இல் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட்டின் விளாதிமிர் ஒலெஷ்கோவும் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் ஹோவும் உருகிய அலுமினிய-சிலிக்கான் கலவையின் நுண்துளிக்குள் இருந்த திட அலுமினிய நானோ துகளைக் கற்றையால் நகர்த்திக் காட்டினார்கள். உருகிய உலோகம் தண்ணீர் போல உடனே ஆவியாகாது. “எலக்ட்ரான் இடுக்கி சாத்தியமா?” என்று கேள்வியாகவே தங்கள் கட்டுரைக்குத் தலைப்பு வைத்தார்கள். பின்னால் வந்த பல செய்திகளில் அந்தக் கேள்விக்குறி காணாமல் போய்விட்டது.

கற்றை என்பது குச்சி இல்லை

சரி, இப்போது கேரம் கதைக்குத் திரும்புவோம். எலக்ட்ரான் கற்றை என்றதும் குழாயிலிருந்து பீய்ச்சும் தண்ணீர் போல ஒன்றை நினைக்கிறோம். கணக்குப் போட்டால் வேறு காட்சி தெரியும்.

கற்றையின் மின்னோட்டம் ஒரு நானோஆம்பியர் என்று வைப்போம். நொடிக்கு ஏறக்குறைய 620 கோடி எலக்ட்ரான்கள். கூட்டம் போலத் தெரிகிறது. ஆனால் 2 லட்சம் வோல்ட்டில் அவை ஒளியின் வேகத்தில் ஏறக்குறைய 70 விழுக்காட்டில் பாய்கின்றன. அப்படியானால் அடுத்தடுத்த இரண்டு எலக்ட்ரான்களுக்கு நடுவே சராசரி இடைவெளி சுமார் 3 சென்டிமீட்டர்! திரவத்தின் தடிமனோ ஒரு மைக்ரோமீட்டருக்கும் கீழே. ஒரு எலக்ட்ரான் நுழைந்து, கடந்து, வெளியேறி வெகுநேரம் கழித்துத்தான் அடுத்தது வருகிறது. பெரும்பாலான நேரம் கலத்துக்குள் ஒரு கற்றை எலக்ட்ரான்கூட இருப்பதில்லை. இந்தக் கணக்கை முதலில் போட்டுப் பார்த்தபோது கற்றையைப் பற்றி எனக்கு இருந்த படமே மாறிப்போனது.

இனி, மோதலின் விசை. உந்தம் என்பது நிறையையும் வேகத்தையும் பெருக்கி வரும் அளவு (ஒளியின் வேகத்தை நெருங்கும்போது சிறு திருத்தம் உண்டு). மோதும் பொருள் அதிலிருந்துதான் தள்ளும் விசையைத் தருகிறது. ஒரு நானோஆம்பியர் கற்றையின் அத்தனை எலக்ட்ரான்களும் ஒன்றுவிடாமல் துகளில் மோதி நின்றே போனால்கூட விசை 1.6 பிக்கோநியூட்டன்தான். கற்றை 100 நானோமீட்டர் அகலமாக விரிந்திருந்தால், 10 நானோமீட்டர் துகள்மேல் விழுவது அதில் நூறில் ஒரு பங்கு. அந்த ஒரு பங்கிலும் பெரும்பாலானவை, கொசுவலையைத் தாண்டும் காற்றைப் போல, உந்தத்தில் ஒரு துளியை மட்டும் இழந்துவிட்டு மறுபக்கம் போய்விடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, திசை. கற்றை மேலிருந்து கீழே வருகிறது. மோதித் தள்ளினால் துகள் கீழே போக வேண்டும். காணொளியில் அது பக்கவாட்டில் நகர்கிறது.

ஆக: நேரடி மோதல் தரும் விசை போதாது, அதன் திசையும் பொருந்தவில்லை.

அப்படியென்றால் இழுப்பது எது?

2012இல் ஹைமெய் ஜெங், உத்கூர் மிர்சாய்தோவ் முதலானோர் திரவக் கலத்தில் தங்கத் துகள்களைக் கற்றையால் பிடித்து நகர்த்தி, அவற்றின் தடத்தை அளந்து ஆராய்ந்தார்கள். துகள்கள் எலக்ட்ரான்கள் நெருக்கமாக விழும் இடத்தை நோக்கி நகர்ந்தன. கற்றை போன இடத்துக்குப் போயின. கணக்கிட்ட விசை பிக்கோநியூட்டன் அளவில் வந்தது. நாம் நினைவில் வைத்த அதே எண். கற்றையைச் சட்டென்று குவித்தபோது சிதறிக் கிடந்த துகள்கள் ஒன்றுகூடிக் கொத்தாகவும் சேர்ந்தன.

அதாவது, போர்வைக் குழி. எலக்ட்ரான் அடர்த்தி நடுவில் அதிகம், ஓரத்தில் குறைவு. அந்தச் சரிவில் துகள் நடுவை நோக்கி வருகிறது. ஆனால் எலக்ட்ரான் அடர்த்தியின் சரிவு துகளை இழுக்கும் விசையாக மாறுவது எப்படி?

தலையில் தேய்த்த சீப்பை நினைத்துக்கொள்ளுங்கள். துண்டுக் காகிதத்துக்கு எந்த மின்னூட்டமும் இல்லை, இருந்தாலும் சீப்பை நோக்கித் தாவுகிறது. சீப்பின் மின்னூட்டம் காகிதத்துக்குள் இருக்கும் நேர், எதிர் மின்னூட்டங்களைச் சற்றே பிரித்து வைக்கிறது. சீப்புக்குப் பக்கத்தில் வந்த எதிரினம் வலுவாக இழுக்கப்படும், தள்ளி இருக்கும் ஓரினம் பலவீனமாக விலக்கப்படும். மிச்சம் நிற்பது இழுப்பு. உலோகத்தில் எலக்ட்ரான்கள் தாராளமாக நகரும் என்பதால் இந்தப் பிரிவு இன்னும் நன்றாக நடக்கும்.

இங்கே சீப்பின் வேலையைச் செய்வது சவ்வு. கற்றை எலக்ட்ரான்கள் சவ்வைக் கடக்கும்போது அதிலிருந்து வேறு எலக்ட்ரான்களைத் தட்டி வெளியேற்றுகின்றன. எதிர்மின்னூட்டம் வெளியேறிய இடம் நேர்மின்னூட்டம் பெறுகிறது. கற்றை எங்கே அடர்த்தியோ அங்கே மின்னூட்டமும் அதிகம். அப்புறம் தங்கத் துகள்களும் கரைசலில் வெறுமனே இருப்பதில்லை. ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அவற்றின்மேல் பெரும்பாலும் சிட்ரேட் போன்ற ஒரு பூச்சு இருக்கும், அது எதிர்மின்னூட்டம் கொண்டது. நேர்மின்னூட்டம் பெற்ற சவ்வுப் பகுதி அந்தத் துகளை இழுக்கும்.

பறக்கும் எலக்ட்ரானே துகளை நேரடியாக இழுப்பதும் உண்டு. 2011இல் பிலிப் பேட்சன் குழு, திரவம் இல்லாமல் வெற்றிடத்திலேயே, மிகச் சிறிய உலோகத் துகள்களின் பக்கத்தில் கற்றையைச் செலுத்திப் பார்த்தது. கற்றை ஓரளவு தள்ளிப் போகும்போது துகள் அதை நோக்கி வந்தது. மிக நெருங்கிப் போனால் விலகியது. இரண்டு துகள்களுக்கு நடுவே கற்றையை வைத்தால் இரண்டும் பிரிந்தன. கேரம் காய் ஒருபோதும் இப்படி நடந்துகொள்ளாது.

தண்ணீர் தண்ணீராகவே இருப்பதில்லை

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. என் பார்வையில் இதுதான் எல்லா எளிய விளக்கங்களிலும் விடுபட்டுப் போகிறது. கற்றை தண்ணீரைக் கடக்கும்போது அதன் மூலக்கூறுகளை உடைக்கிறது. இதைக் கதிர்ப்பிளப்பு என்று சொல்லலாம். ஹைட்ரஜன் வாயு, ஹைட்ரஜன் பெராக்சைடு, தண்ணீரில் தனித்துத் திரியும் எலக்ட்ரான்கள், எதையும் விடாமல் தாக்கும் ஹைட்ராக்சில் துண்டுகள் என்று ஒரு கூட்டமே பிறக்கும். கரைசலில் உலோக உப்பு இருந்தால், திரியும் எலக்ட்ரான்கள் அதை உலோகமாக்கிப் புதிய துகள்களைப் பிறப்பிக்கும். ஹைட்ராக்சில் துண்டுகளோ சில உலோகத் துகள்களைக் கரைத்துவிடும். கரைசலின் அமிலத்தன்மையும் மாறும். ஹைட்ரஜன் அதிகமானால் குமிழி கிளம்பும். குமிழியின் விளிம்பு நகரும்போது துகள்களையும் அள்ளிக்கொண்டு போகும்.

இந்த வேதிப்பொருள்களும் கற்றையின் நடுவில் அதிகம், வெளியே குறைவு. மறுபடியும் ஒரு சரிவு. அதுவும் துகளை நகர்த்தவல்லது.

வெப்பத்தைப் பலர் முதல் சந்தேகமாகச் சொல்வார்கள். மெல்லிய தண்ணீர்ப் படலத்தில், வழக்கமான படப்பிடிப்பு அளவில், சூடு ஒரு சில டிகிரியைத் தாண்டாது என்பதே கணக்குகள் தரும் விடை.

மின்னூட்டம், பறக்கும் எலக்ட்ரானின் நேரடி இழுப்பு, கதிர்ப்பிளப்பு ஆகிய இவற்றில் எது முதன்மை என்று கேட்டால், ஒரே பதில் கிடையாது. திரவம், சவ்வு, துகளின் பூச்சு, கற்றையின் அடர்த்தி ஆகியவற்றைப் பொறுத்து மாறும். ஆய்வாளர்கள் இதை இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதனால் என்ன செய்யலாம், என்ன செய்ய முடியாது

உடம்புக்குள் மருந்துத் துகளை எலக்ட்ரான் கற்றையால் ஓட்டிக்கொண்டு போகலாம் என்று சிலர் எழுதுகிறார்கள். முடியாது. இது வெற்றிடத்துக்குள், ஒரு மைக்ரோமீட்டர் திரவத்தில் நடக்கும் காரியம். இந்த அளவுக் கதிர்வீச்சை எந்த உயிரணுவும் தாங்காது. தொழிற்சாலை அளவில் துகள்களை அடுக்கிச் சில்லு தயாரிப்பதும் இப்போதைக்கு இதற்குச் சம்பந்தமில்லாத கனவு.

செய்ய முடிவது சிறியது, ஆனால் அருமையானது. இரண்டு துகள்களை அருகருகே கொண்டுவந்து, அவை எப்போது ஒட்டுகின்றன, எப்போது விலகுகின்றன என்று பார்க்கலாம். சிதறிக் கிடப்பவற்றைக் கொத்தாக்கலாம். பேட்டரிக்குள்ளும் வினையூக்கிகளிலும் உலோகத் துகள்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்று திரவக் கலத்தில் ஆராய்பவர்களுக்கு இந்த அறிவு இன்னொரு விதத்திலும் கட்டாயம் தேவை. அவர்கள் பார்ப்பது துகளின் இயல்பா, கற்றை உண்டாக்கிய விளைவா என்று பிரித்தறிய வேண்டும்.

அதற்கு அவர்கள் செய்வது மிக எளிய ஒரு சோதனை. துகள்கள் இருக்கும் இடத்தை ஒரு படம் எடுத்துவிட்டுக் கற்றையை அடைத்துவிடுவார்கள். சில நிமிடங்கள் இருட்டு. பிறகு ஒரு கணம் மட்டும் திறந்து இன்னொரு படம். இருட்டில் இருந்த நேரத்திலும் துகள்கள் முன்பு போலவே நகர்ந்தும் வளர்ந்தும் இருந்தால் அது அவற்றின் சொந்த வேலை. முதல் படத்தில் இருந்த இடத்திலேயே அசையாமல் இருந்தால், அதற்கு முன் நகர்த்தியது கற்றைதான். அடுத்த முறை அப்படி ஒரு காணொளி கண்ணில் பட்டால், அந்த இருட்டு நிமிடங்களைப் பற்றி அதில் ஏதாவது சொல்லியிருக்கிறார்களா என்று முதலில் தேடிப் பாருங்கள்.